கண்டிச் சீமைக்குப் போன பூட்டன் எந்தப் பேப்பரில் இருக்கிறார்?

கரிசல்காட்டில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பரம்பரைக் கதை கேட்டாலும் வருசம் வராது, சம்பவம்தான் வரும். "தாது வருசப் பஞ்சத்துல கண்டிக்குப் போனவரு, திரும்பவே இல்ல." "கழுகுமலைக் கலவரத்தப்ப எங்க பூட்டி வயித்துப் பிள்ளையோட ஓடி வந்தா." "தூத்துக்குடி மில்லு ஸ்ட்ரைக்குல பெரிய பாட்டையா வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துட்டாரு." ஆள் இருக்கிறார், ஊர் இருக்கிறது, நடந்தது என்னவென்றும் தெரிகிறது. என்றைக்கு என்று கேட்டால் மட்டும், "அது ஆச்சு ரொம்பக் காலம்" என்று வெற்றிலையை மடிக்கப் போய்விடுவார்கள்.

பழைய செய்தித்தாள் இதற்கு நேர் எதிர். தேதி தலைப்பிலேயே அச்சாகியிருக்கும். ஊரும் சம்பவமும் இருக்கும். ஆளின் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. 'கூலிகள் கப்பலேறினர்', 'கலகத்தில் சிலர் மாண்டனர்' என்று இரண்டே வரியில் நம் பூட்டனைத் தாண்டிப் போய்விடும். பேப்பரில் இருக்கும் தேதியையும் பாட்டி வாயில் இருக்கும் பெயரையும் ஒட்டுப்போடுவதுதான், கோவில்பட்டி வட்டாரத்துக்காரர் ஒருவர் தன் குடும்ப வரலாற்றைத் தேடுவதற்கு இன்று உள்ள ஒரே நடைமுறையான வழி. இணையத்தில் ஏறிவிட்ட பழைய பத்திரிகைகள் அந்த வழியை முன்பைவிடச் சுலபமாக்கியிருக்கின்றன. ஆனால் தேடும் கட்டத்தில் தாத்தா பெயரைத் தட்டினால் அவர் வந்து நிற்பார் என்று நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வெளிநாடுகளில் இது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளைக் காசில்லாமல் புரட்டலாம். கம்ப்யூட்டர் தப்பாகப் படித்த எழுத்தை வாசகர்களே உட்கார்ந்து திருத்தித் தருகிறார்கள். நியூசிலாந்துக்கு 'பேப்பர்ஸ் பாஸ்ட்', அமெரிக்காவுக்கு 'கிரானிக்ளிங் அமெரிக்கா' என்று ஆளுக்கொரு பெட்டகம் உண்டு. பிரிட்டனில் மட்டும் சந்தா கட்ட வேண்டும். இந்தியாவில் வாழ்ந்து மடிந்த வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கென்றே லண்டனில் 1998 முதல் ஒரு சங்கம் இயங்குகிறது. நம் நாட்டுப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த அவர்களுடைய பிறப்பு, திருமண, இறப்புச் செய்திகளைப் பெயர்வாரியாக எடுத்துத் தொகுக்கிறது. தூத்துக்குடி ரயில் பாதையில் வேலை பார்த்த ஆங்கில எஞ்சினீயரின் கொள்ளுப்பேத்தி வீட்டிலிருந்தே அவரைத் தேடலாம். அதே பாதைக்கு மண் சுமந்தவரின் கொள்ளுப்பேரனுக்கு அப்படி ஒரு பட்டியலை யாரும் போட்டு வைக்கவில்லை.

ரயில், கப்பல், தகர டிக்கெட்

ஒரு தடத்தையே எடுத்துக்கொள்வோம்: கண்டிக்குப் போன பூட்டன்.

மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1876ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அந்த ஆண்டே மழை பொய்த்தது. தாது வருசம் என்று இன்றும் கிழவிகள் வாயில் நிற்கும் பெரும்பஞ்சம் 1878 வரை நீடித்தது. மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும் கருகியபோது கையருகே இருந்தது புது ரயில். அது போய் நின்ற இடம் துறைமுகம். அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். முதலில் காப்பித் தோட்டம், காப்பிச் செடியில் நோய் விழுந்த பிறகு தேயிலை. கங்காணி முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப் போனார். பின்னாளில் மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே தட்டப்பாறையில் இலங்கைக்குப் போகும் தொழிலாளர்களைத் தங்கவைத்து நோய் சோதிக்கும் முகாம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகர டிக்கெட்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்ததும் கூட்டம் மண்டபம் பக்கம் திரும்பியது.

இந்த ஒரு பத்தியில் இருக்கும் ஆண்டுகளே உங்கள் பாதித் தேடலை முடித்துவிடும். வீட்டில் "தட்டப்பாறையில் பத்து நாள் கிடந்தாகளாம்" என்று ஒரு சொல் வழங்கினால், போன காலத்தைக் குறுக்கிவிடலாம். "தனுக்கோடி வழியாப் போனாரு" என்றால் 1914க்குப் பிறகு. அதன்பின் பத்திரிகையைத் திறக்க வேண்டும். அதுவும் தமிழ்நாட்டுப் பத்திரிகையை அல்ல, இலங்கைப் பத்திரிகையை. 2005இல் ஈழத் தமிழர்கள் தன்னார்வத்தில் தொடங்கிய 'நூலகம்' இணையதளத்தில் வீரகேசரி, தினகரன் உட்பட இலங்கைத் தமிழ் இதழ்கள் ஏராளமாக ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டிருக்கின்றன. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. மலையகத் தோட்டங்களின் வேலைநிறுத்தம், மண்சரிவு, தேர்தல், தொழிற்சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வெளியிடும் நினைவு மலரில் வம்சாவளியையே அச்சிட்டுவிடுவார்கள். 'நூலகம்' அவற்றையும் சேர்த்து வைக்கிறது. நம் பக்கம் பதினாறாம் நாள் கருமாதியோடு சரி.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அப்படித் திரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை உங்கள் வீட்டில் இருந்தால், அது எந்தப் பழைய பேப்பரையும்விட உசத்தி. தோட்டத்தின் பெயரை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரை வைத்துப் பத்திரிகையில் தேடுங்கள். ஆளைத் தேடாதீர்கள், ஆள் இருந்த இடத்தைத் தேடுங்கள்.

'லை'யில் தடுக்கி விழும் எந்திரம்

ஆளைத் தேடினால் ஏன் கிடைக்காது? முதல் காரணம் எழுத்து. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிக்கும்வரை ணா, றா, னா, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகள் வேறு உருவத்தில் அச்சாகின. தும்பிக்கை வைத்த 'லை'யைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் புது உருவத்தில் பழகியவை. ஆகவே பழைய பேப்பரில் 'கழுகுமலை' கடைசி எழுத்தில் உடைகிறது, 'பிள்ளை' உடைகிறது, 'அண்ணாமலை' இரண்டு இடத்தில் உடைகிறது. பல தமிழ் இதழ்கள் வெறும் படமாகத்தான் ஏறியிருக்கின்றன. பக்கம் பக்கமாகக் கண்ணால் படிப்பதைத் தவிர வழி கிடையாது.

ஆங்கிலப் பத்திரிகைகளில் தேடல் ஓடும், ஆனால் பெயர் ஓடாது. அன்றைய ஆங்கிலத்தில் கோவில்பட்டி நடுவிலுள்ள 'வி' இல்லாமல் 'கோயில்பட்டி' என்றே பெரும்பாலும் எழுதப்பட்டது. திருநெல்வேலியை 'டின்னவெல்லி' என்றும் தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்றும் தட்ட வேண்டும். எட்டயபுரத்துக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று கணக்கே இல்லை. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. ஒற்றை எழுத்து இனிஷியல்தான். பாட்டையா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். கரிசலில் ஊருக்குப் பத்து மாரியப்பன், பத்து வெங்கடசாமி, பத்து சுப்பையா. பேப்பரில் ஒரு சுப்பையா கிடைத்துவிட்டால் அவர் உங்கள் சுப்பையா ஆகிவிட மாட்டார். தகப்பன் பெயர், ஊர், வயது இவற்றில் இரண்டேனும் பொருந்தும்வரை அவரைக் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.

எட்டயபுரத்து சுப்பையாவுக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. பாரதி 'தி ஹிந்து'வுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 'பாரதி கருவூலம்' என்று வெளியிட்டது 2008இல். கவிஞர் இறந்து 87 ஆண்டுகளுக்குப் பிறகு. பெரிய பத்திரிகை, பெரிய பெயர், அப்படியும் இவ்வளவு காலம்!

இரண்டு கலவரங்கள், ஒரு நாவல்

சம்பவத்திலிருந்து ஆளுக்குப் போகும் முறை கரிசலுக்குப் புதிதல்ல. கோவில்பட்டி அருகே ஆண்டிப்பட்டியில் பிறந்த பூமணி, 1895 பங்குனித் தேரோட்டத்தில் கழுகுமலையில் வெடித்த கலவரத்தையும் 1899 ஜூனில் சிவகாசியில் நடந்த கொள்ளையையும் மையமாக வைத்து 'அஞ்ஞாடி' எழுதினார். வாய்க்கதையோடு நிற்காமல், ஆய்வு நல்கை பெற்று ஆவணங்களைத் தேடிப் போனார். நாவல் 2012இல் வந்தது. 2014இல் சாகித்திய அகாதமி விருது. பக்கத்து இடைசெவலின் கி. ராஜநாராயணன் முழுக்க வாய்ச்சொல்லை நம்பி 'கோபல்ல கிராமம்' கட்டினார். இரண்டு வழியும் கரிசலில்தான் விளைந்தன. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு கி.ரா.வின் காதும் வேண்டும், பூமணியின் பொறுமையும் வேண்டும். எது முதலில் என்று கேட்டால் காதுதான். பேப்பர் எங்கேயும் போகாது, பாட்டி போய்விடுவாள்.

கழுகுமலைக் கலவரத்தில் எட்டயபுரம் ஜமீன் மேலாளர் கொல்லப்பட்டதால் செய்தி சென்னைவரை போனது. ஓடி ஒளிந்த குடும்பங்களின் பெயர் எந்தத் தந்தியிலும் ஏறவில்லை. 1908 தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தமும் அப்படித்தான். பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச் முதல் வாரத்தில் தொழிலாளர் வெற்றியோடு முடிந்தது. சில நாளில் வ.உ.சி. கைதானார்; மார்ச் 13 அன்று நெல்லை கொந்தளித்தது; துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். வ.உ.சி.யைப் பற்றி ஆயிரம் பக்கம் கிடைக்கும். தெருவில் இறங்கியவர்கள் யார், என்ன தொழில் செய்தார்கள், யார் சிறை போனார்கள் என்பதை வேங்கடாசலபதி பத்திரிகைகளையும் அரசு ஆவணங்களையும் வழக்குக் கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துத்தான் வெளிக்கொண்டுவர முடிந்தது. 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு 2024இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பேப்பரில் தேதியைப் பிடித்து அந்தத் தேதியோடு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போவது என்ற வரிசை, தன் பாட்டையாவை மட்டும் தேடுகிறவருக்கும் பொருந்தும்.

யாரும் படிக்காத பக்கம்

பழைய பேப்பரைத் திறந்தவுடன் எல்லாரும் தலைப்புச் செய்திக்குப் போகிறார்கள். சாமானியன் அங்கே இருப்பதில்லை. அவன் இருப்பது கடைசிப் பக்கப் பொடி எழுத்தில். வழக்கில் எதிரிக்கு நேரில் சம்மன் சார்பு செய்ய முடியாதபோது நீதிமன்றம் பத்திரிகையில் விளம்பரம் செய்யச் சொல்லும். அந்த நோட்டீஸில் இன்னார் மகன் இன்னார், இந்த ஊர், சில சமயம் வயதும் தொழிலும்கூட இருக்கும். ஏல அறிவிப்பில் நான்கு மாலும் சர்வே எண்ணும் வந்துவிடும். பாகப்பிரிவினை வழக்கென்றால் அண்ணன் தம்பி அக்கா தங்கை அத்தனை பேரும் வரிசையாக நிற்பார்கள். குடும்பமே சண்டை போட்டு நமக்கு ஒரு வம்சாவளியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். கோர்ட்டுக்குப் போகாத ஒற்றுமையான குடும்பத்துக்காரர்கள்தான் பாவம், தடயமே இருக்காது.

அரசிதழையும் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாடு அரசிதழின் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் பெயர் மாற்ற அறிவிப்புகள் வாராவாரம் வருகின்றன: பழைய பெயர், புதுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தகப்பன் பெயர். அண்மை ஆண்டுகளின் இதழ்களை அரசு அச்சுத் துறையின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். எண்சோதிடத்துக்காகவோ மதம் மாறியோ பெயரை மாற்றிக்கொண்ட சித்தப்பாவை வேறெங்கும் பிடிக்க முடியாது.

இயக்க இதழ்கள் இன்னொரு புதையல். 1928 மே மாதம் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்வார்கள். அதற்குப் பின் கரிசல் ஊர்களிலும் இத்தகைய திருமணங்கள் நடந்தன. 1925இல் ஈரோட்டில் தொடங்கிய 'குடி அரசு' அச்செய்திகளை மணமக்கள் பெயரோடும் ஊரோடும் வெளியிட்டது. 1967இல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவரும்வரை இத்திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு இல்லை. அதனால் பத்திரிகையில் வந்த அந்த நாலு வரிக்கு மதிப்பு அதிகம். 'குடி அரசு' இதழ்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. அருப்புக்கோட்டையிலிருந்தே 'நாடார் குல மித்திரன்' வந்தது. சாதிச் சங்க இதழ்களைப் பெருமைக்காகப் புரட்டுகிறவர்கள் நிறைய. பள்ளி நன்கொடைப் பட்டியலுக்காகவும் கடைத் திறப்பு விளம்பரத்துக்காகவும் புரட்டினால் இன்னும் உருப்படியாக ஏதாவது கிடைக்கும்.

தலித் குடும்பங்களின் தேடல் இதைவிடக் கடினம். பெரிய நாளிதழ்கள் அவர்களைக் குற்றச் செய்தியிலும் விபத்துச் செய்தியிலும்தான் பெரும்பாலும் பார்த்தன. அதுவும் போலீஸ் சொன்னபடி. ஆனால் அவர்களுக்கும் பத்திரிகைகள் இருந்தன. இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்' 1893இலும் அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907இலும் தொடங்கின. 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். தேட இறங்குமுன் அதைப் படித்துவிடுவது நல்லது.

பெண்கள்? இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று மட்டுமே பேப்பரில் வருவார்கள். தனிப் பெயரோடு வந்தால் அது பெரும்பாலும் கிணற்றில் விழுந்த செய்தியாக இருக்கும்.

கொல்லம் ஆண்டும் மொய் நோட்டும்

நெல்லைச் சீமைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே பழைய பத்திரங்களிலும் ஓலைகளிலும் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். அது ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய என்றால் 824ஐயும், ஜனவரிக்குப் பிறகு என்றால் 825ஐயும் கூட்டுங்கள். ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1052 ஆவணி என்று கண்டால் அது 1876 ஆகஸ்ட். அறுபது வருசச் சுழற்சியிலுள்ள பெயர் மட்டும் இருந்தால் உஷார்: தாது 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது, 1996இலும் வந்தது. இந்தக் கணக்குத் தெரியாமல் பேப்பரைத் திறந்தால் அறுபது ஆண்டு தள்ளிப் போய்த் துழாவிக்கொண்டிருப்பீர்கள்.

என்னைக் கேட்டால், கரிசல்காட்டின் சரியான குடும்ப ஆவணம் மொய் நோட்டுதான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, ஊர்வாரியாகப் பெயரும் தொகையும் எழுதியிருக்கும். திரும்பச் செய்ய வேண்டிய பணம் என்பதால் ஒருத்தர் பெயரும் தப்பாது. 1950களின் நோட்டு ஒன்று கிடைத்தால் எந்த ஊரில் யார் மாமன், யார் பங்காளி என்பது தெரிந்துவிடும். அந்த ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டு பேப்பருக்குப் போங்கள். கல்யாணப் பத்திரிகைகளையும் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் பேப்பர் தேடுவது விலாசம் இல்லாமல் ஊருக்குள் போவதுதான்.

பார்க்க வேண்டிய இடங்கள் அதிகமில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து வளர்ந்து இன்று சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். சிங்கப்பூர், மலேயா பக்கம் போனவர்களுக்கு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பத்திரிகைத் தளம். 1845இல் தொடங்கிய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' அதில் இருக்கிறது, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு'வும் இருக்கிறது. கூகுள் ஒரு காலத்தில் ஸ்கேன் செய்து 2011இல் பாதியில் விட்ட பத்திரிகைப் பெட்டகத்தில் பழைய 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' கிடக்கிறது; தேடல் சரியாக ஓடாது, தேதி தெரிந்தால் புரட்டலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1956 திருத்தத்தாலும் நாட்டில் வெளிவரும் செய்தித்தாள்கள் வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களில் சென்னை கன்னிமாரா ஒன்று. அங்கே நேரில்தான் போக வேண்டும்.

போகுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கிடைப்பது எல்லாம் சந்தோஷமாக இருக்காது. கலவரத்தில் நம் ஆள் எந்தப் பக்கம் நின்றார் என்பது தெரியவரலாம். குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு சமூகத்தையே குற்றவாளி என்று முத்திரை குத்திய காலத்துப் பேப்பர் அதே மொழியில்தான் பேசும். அச்சில் வந்தது என்பதற்காக அதை நம்ப வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடுமுன் இரண்டு தடவை யோசிப்பது நல்லது.

கோவில்பட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் சிவகாசி இருக்கிறது. நாட்டின் காலண்டரும் டைரியும் அச்சாகும் சீமை இது. அப்படியிருந்தும் இந்த வட்டாரத்து அச்சகங்களில் வந்த உள்ளூர் இதழ், சங்க மலர், மில் தொழிலாளர் துண்டறிக்கை, திருவிழா மலர் ஆகியவற்றை ஒரே இடத்தில் ஸ்கேன் செய்து வைக்கும் பெரிய முயற்சி எதுவும் நடக்கவில்லை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் வந்தது காப்பாற்றப்பட்டது; இங்கே வந்தது பொட்டலம் மடிக்கப் போனது. மின்னூலகத் திட்டத்தை நடத்தும் அரசு, மாவட்ட நூலகம்தோறும் ஒரு ஸ்கேனரும் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் கொடுத்தால் போதும். பழைய எழுத்தைப் படிக்க எந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை ஆஸ்திரேலியர்கள்போல் நம் வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் இருக்கும் ட்ரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் திறந்து பாருங்கள். மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, மஞ்சளாகிப்போன இதழ் என்று எது இருந்தாலும் செல்போனிலாவது பக்கம் பக்கமாகப் படம் எடுத்துத் தேதியும் ஊரும் குறித்து வையுங்கள். வேண்டாம் என்று தோன்றுகிற இதழ்களை எடைக்குப் போடாமல் ரோஜா முத்தையா போன்ற நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். கம்ப்யூட்டரை அப்புறம் திறந்துகொள்ளலாம்.